முதலில் எந்த இடம் போகும்? நீடித்து உழைக்கும் துணிமணி, பை, காலணி வாங்கப் பழகுவது

நான்கு வருடம் தோளில் தொங்கிய பை ஒன்றைப் போன மாதம் கழித்துப் போட வேண்டி வந்தது. துணி அப்படியே இருந்தது. அடிப்பக்கத்தில் ஓட்டை இல்லை, சாயம்கூடப் பெரிதாக வெளுக்கவில்லை. தோள்வார் பையோடு சேரும் இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தையல் பிய்ந்துவிட்டது, அவ்வளவுதான். தைத்துக்கொள்ளலாம் என்று உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். தையலுக்கு அப்பால் நாலைந்து மில்லிமீட்டர்தான் துணி விட்டிருந்தார்கள். அதுவும் நூல் நூலாகப் பிரிந்து நின்றது. ஊசி பிடிக்க இடமே இல்லை. ஒரு விரற்கடைத் துணியை மிச்சம் பிடித்ததில் முழுப் பையும் போயிற்று.

அன்றாடம் புழங்கும் பொருட்கள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன. முழுக்கத் தேய்ந்து ஓய்ந்து போவது அபூர்வம். ஏதோ ஒரு இடம் போகும். மீதியெல்லாம் நன்றாக இருக்கும்போதே அந்த ஒரு இடத்துக்காக மொத்தத்தையும் தூக்கிப் போடுவோம். ஆகவே உழைக்கிற பொருளாகப் பார்த்து வாங்க வேண்டும் என்றால், கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி "இது நல்ல கம்பெனியா?" என்பதல்ல, "இதில் முதலில் எந்த இடம் போகும்?" என்பதுதான். அந்த இடத்தை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கடைக்குப் போகும் முன் அலமாரி

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்கிற தவறு, நேராக வாங்கக் கிளம்புவது. அதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீணாய்ப்போய் மூலையில் கிடக்கும் சட்டை, பேன்ட், பை, செருப்பு, குடை எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்புங்கள். பத்துப் பதினைந்து உருப்படியாவது தேறும். ஒவ்வொன்றிலும் முதலில் போன இடம் எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். "நீலப் பேன்ட்: தொடை உரசும் இடம்." "குடை: கம்பி மடங்கும் மூட்டு." "கறுப்புச் சட்டை: காலர் மடிப்பு." எழுதி முடித்ததும் ஒரு ஒழுங்கு தெரியும். என் தாளில் பாதிக்கு மேல் ஜிப்பும் குதிகாலின் வெளி ஓரமும்தான்.

இந்தப் பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும். சைக்கிள் ஓட்டுகிறவருக்கு பேன்டின் இருக்கைப் பகுதி போகும். நாள் முழுக்க மேசையில் கை ஊன்றுகிறவருக்கு முழங்கையும் கை நுனிப் பட்டையான கஃபும் போகும். மடிக்கணினியைத் தினம் சுமக்கிறவருக்குப் பையின் அடிமூலை போகும். இன்னொருவர் "எனக்குப் பத்து வருடம் வந்தது" என்று மனதாரச் சொல்லும் பொருள் உங்களிடம் இரண்டே வருடத்தில் போகலாம். அவர் சொன்னது பொய்யில்லை, அவர் உடம்பும் வேலையும் வேறு.

இன்னும் சளைக்காமல் உழைத்துக்கொண்டிருப்பவற்றையும் அதே தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். அவை ஏன் நிற்கின்றன என்று பிறகு தையலைப் பார்க்கக் கற்றதும் தானாகப் புரியும்.

எதில் காசைப் போடுவது

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். இருப்பது உழைக்கிறவரை உழைக்கட்டும். ஒவ்வொன்றாகப் போகப் போக, அதன் இடத்தில் நல்லதாக ஒன்றைக் கொண்டுவாருங்கள்.

தினமும் உடம்பில் படுவது, தினமும் எடை தூக்குவது, இந்த இரண்டிலும் காசைப் போடலாம். வருடத்துக்கு இரண்டு முறை எடுப்பதற்கு இரவல் போதும். கணக்கு எளிது: விலையை உபயோகிக்கும் தடவைகளால் வகுங்கள். ஒரு பேன்ட் 60 தடவை உடுத்தியதும் கிழிகிறது. மூன்று மடங்கு விலையுள்ள இன்னொன்று 300 தடவை வருகிறது. மூன்று மடங்கு காசுக்கு ஐந்து மடங்கு உழைப்பு.

ஆனால் விலை கூடுவதாலேயே உழைப்பும் கூடும் என்று நம்பிவிடக் கூடாது. ஒரு எல்லை வரைக்கும் கூடுதல் காசு நல்ல நூலுக்கும் தையலுக்கும் போகிறது. அதைத் தாண்டினால் மிருதுவுக்கும் பெயருக்கும்தான். மிக மெல்லிய கம்பளி விலை ஏற ஏற நுணுக்கமாகி, உரசலைத் தாங்குவதில் குறைந்தே போகும். தினசரி உபயோகத்துக்கு நடுத்தர விலையில், எளிமையாகத் தைத்த பொருள்தான் பெரும்பாலும் நிற்கும் என்பது என் அனுபவம்.

துணி: உட்புறத்தைத் திருப்புங்கள்

எந்த உடையையும் கையில் எடுத்ததும் உள்ளே வெளியே திருப்புங்கள். விற்பவர் காட்ட விரும்புவது வெளிப்பக்கம். உழைப்பு இருப்பது உள்பக்கத்தில். தயங்காமல் செய்யுங்கள்; கேட்டுவிட்டுச் செய்தால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

முதலில் தையலுக்கு அப்பால் விட்டிருக்கும் துணியைப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டராவது இருந்தால் பிரிந்தாலும் மறுபடி பிடித்துத் தைக்கலாம், உடம்பு கொஞ்சம் பெருத்தால் பிரித்து விடவும் செய்யலாம். பேன்டில் தொடையின் உள்பக்கமும் கவட்டையும்தான் முக்கியம். நல்ல ஜீன்ஸில் இரண்டு துணியின் விளிம்பையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து, மேலே இரட்டை வரிசைத் தையல் போட்டிருப்பார்கள். பிசிறு எங்கேயும் வெளியே தெரியாது. இந்த மடிப்புத் தையல், விளிம்பில் நூலைச் சுற்றிச் சும்மா ஓவர்லாக் அடித்ததைவிட நன்றாகத் தாங்கும்.

அடுத்து, இரண்டு கட்டைவிரலாலும் தையலின் இருபுறமும் பிடித்து மெதுவாக இழுங்கள். இடைவெளி விட்டு உள்ளே நூல் ஏணிப்படி போலத் தெரிந்தால் தையல் தளர்வு. உடம்பு அசைகிற ஒவ்வொரு முறையும் அந்த இடம் இப்படித்தான் திறக்கப்போகிறது. ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று நகத்தால் எண்ணுங்கள். சட்டை, பேன்ட் துணிக்குப் பத்துப் பன்னிரண்டு நல்லது. ஆறு ஏழு என்றால் அவசரத்தில் அடித்தது. கனமான கான்வாஸுக்கும் தோலுக்கும் இது பொருந்தாது. அங்கே தையல் கொஞ்சம் அகலமாகத்தான் இருக்க வேண்டும், நெருக்கமாக ஊசி குத்தினால் அந்த வரிசையிலேயே கிழிந்துவிடும்.

பாக்கெட் மூலை, ஜிப்பின் அடிமுனை, பெல்ட் வளையம் இவற்றில் பல தையலை ஒரே இடத்தில் நெருக்கமாக ஓட்டி ஒரு சின்னக் கட்டை போல் செய்திருப்பார்கள். அதற்கு பார்டாக் என்று பெயர். இழுவிசை விழும் இடம் இது என்று தைத்தவருக்குத் தெரியும் என்பதற்கு அது அடையாளம். இதே வேலையைச் செப்பு ஆணி கொண்டு செய்தவர்தான் ஜேக்கப் டேவிஸ். அமெரிக்காவின் நெவாடாவில் தையற்காரராக இருந்த அவரிடம் உழைப்பாளிகளின் கால்சட்டைகள் பாக்கெட் மூலையிலேயே பிய்ந்துகொண்டு வந்தன. துணியை மாற்றாமல், பிய்கிற மூலையில் மட்டும் ஆணி அறைந்தார். துணி சப்ளை செய்த லெவி ஸ்ட்ராஸுடன் சேர்ந்து 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஜீன்ஸ் பாக்கெட்டில் இன்றைக்கும் அந்த ஆணி இருக்கிறது. போகிற இடத்தைக் கண்டுபிடித்து அங்கே மட்டும் பலம் சேர்ப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி துணி. விளக்கு வெளிச்சத்துக்கு நேரே ஒற்றை மடிப்பாகப் பிடியுங்கள். கை விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் அன்றாட உடைக்கு ஆகாது. வெளிச்சம் சீராக ஊடுருவுகிறதா, அங்கங்கே திட்டுத் திட்டாக மெலிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டி-ஷர்ட்டில் ஜி.எஸ்.எம். என்று போட்டிருந்தால், ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்று பொருள். 140, 150 லேசானது. 180, 200 என்றால் கெட்டி. ஜீன்ஸ் துணியான டெனிமை அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு சதுர கஜத்தின் எடை அது. 12 முதல் 14 அவுன்ஸ் நடுத்தரம், ஜி.எஸ்.எம். கணக்கில் ஏறக்குறைய 400 முதல் 475. எடை மட்டும் போதாது, நெசவும் நெருக்கமாக இருக்க வேண்டும். கனமாக இருந்தும் தளர்ந்த பின்னல் சீக்கிரம் தொங்கிவிடும்.

லேபிளில் இழை விவரத்தைப் படியுங்கள். பருத்தி நனைந்தால் வலு கூடும், ஆகவே துவைப்பதைத் தாங்கும். விஸ்கோஸ் எனப்படும் ரேயான் நேர் எதிர், ஈரத்தில் கணிசமாக வலு இழக்கும். அதை அடித்துத் துவைத்தாலோ முறுக்கிப் பிழிந்தாலோ அங்கேயே ஆயுள் குறைகிறது. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி சீக்கிரம் காயும், சுருக்கம் குறைவாகவே விழும். ஆனால் உரசும் இடத்தில் குட்டிக் குட்டி உருண்டைகள் கட்டும். பருத்தி உருண்டை உதிர்ந்துவிடும், பாலியெஸ்டர் இழை அறுந்துபோகாமல் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீவிய பருத்தி (combed cotton) என்று போட்டிருந்தால் நல்லது. குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்டதால் உருண்டை குறைவாகக் கட்டும். பேன்டில் இழுத்தால் நீளும் எலாஸ்டேன் இழை ஒன்றிரண்டு சதவீதம் இருந்தால் வசதி. அதற்கு மேல் போனால், முட்டி தளர்ந்து பை போலத் தொங்குகிற நாள் சீக்கிரம் வரும். சூடும் குளோரினும் எலாஸ்டேனுக்கு எமன்.

காலரும் கஃபும் தனியாகக் கழற்றித் திருப்பித் தைக்கக்கூடியவை. நல்ல சட்டையில் நைந்த பக்கத்தை உள்ளே போட்டு இன்னொரு இரண்டு வருடம் உடுத்தலாம். பட்டன் நாலு துளை உள்ளதாக இருக்கட்டும். காஜாவின் ஓரத்தில் நூல் பிசிறாமல் நெருக்கமாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றதிலும் கவனம் எடுத்திருப்பார்கள்.

பை: ஜிப்பிலிருந்து தொடங்குங்கள்

பையில் எல்லோரும் துணியைத் தடவிப் பார்க்கிறார்கள். ஜிப்பை யாரும் முழுசாகத் திறந்து மூடிப் பார்ப்பதில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒற்றைக் கையால் இழுங்கள், மறுகையால் பையைப் பிடிக்காமல். மூலை திரும்பும் இடத்தில், பல்லைச் சேர்த்து மூடும் ரன்னர் முரண்டு பிடித்தால், பை நிறைய சாமான் இருக்கும்போது அங்கேதான் பல் விடும். ரன்னரின் பின்பக்கத்தில் ஒரு எண் இருக்கலாம்: 3, 5, 8, 10. மூடிய நிலையில் பல்வரிசையின் அகலம் தோராயமாக அத்தனை மில்லிமீட்டர். 3 உள்பாக்கெட்டுக்குச் சரி. தினம் பத்து முறை திறக்கும் பெரிய அறைக்கு 8 அல்லது 10 இருந்தால் நிம்மதி, சிறிய பைக்கு 5 போதும். ஒய்.கே.கே. என்ற எழுத்துகள் பல ஜிப்பில் இருக்கும். 1934இல் ததாவோ யோஷிதா ஜப்பானில் தொடங்கிய நிறுவனம் அது. பையின் மொத்த விலையில் ஜிப்பின் பங்கு சொற்பம். அதிலேயே மிச்சம் பிடித்தவர் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் என்ன செய்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பல்லில் மூன்று வகை. சுருள் போன்ற நைலான் ஜிப் வளைவில் நன்றாக ஓடும், பல் விட்டாலும் ரன்னரை ஒருமுறை திருப்பி ஓட்டினால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். தனித்தனிப் பிளாஸ்டிக் பல் ஒன்று உடைந்தால் அந்த இடம் அப்படியே நின்றுவிடும். உலோகப் பல் பலமானது, ஆனால் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் இறுகிப்போகும். பைக்கு நான் சுருள் ஜிப்பைத்தான் தேடுவேன்.

அடுத்தது தோள்வார். அது பையோடு சேரும் இடத்தில் ஒரு கட்டமும் அதற்குள் பெருக்கல் குறியும் போலத் தையல் ஓடியிருந்தால் நல்லது. வார் வெறுமனே மேல்விளிம்புத் தையலில் செருகப்பட்டிருந்தால், உள்ளே கைவிட்டு அது எவ்வளவு ஆழம் போகிறது என்று தடவிப் பாருங்கள். என் பழைய பை போன இடம் அதுதான்.

துணிக்கு டெனியர் என்ற எண் சொல்வார்கள். 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 200 சுற்றி இருப்பது உட்புறத் துணியான லைனிங்குக்கு. 500 முதல் 1000 தினசரிப் பைக்கு. ஒரே டெனியரில் நைலான் பாலியெஸ்டரைவிட உரசலைத் தாங்கும். வெயிலில் அதிகம் கிடக்கும் பைக்குப் பாலியெஸ்டர் மேல், புற ஊதாக் கதிரில் அது மெதுவாகத்தான் கெடும். உட்புறத்தில் நீர் புகாதிருக்க ஒரு பூச்சு இருக்கும். அது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை என்றால் ஈரக்காற்றில் வருடங்கள் போகப் போகப் பிசுபிசுத்து, பிறகு செதில் செதிலாக உரியும். பையை நனைந்தபடி சுருட்டி வைக்கக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். செயற்கைத் தோலில் கைப்பிடி உரிவதும் இதே காரணத்தால். அதனால் உரசுகிற இடத்தில் செயற்கைத் தோல் உள்ள எதையும் நான் வாங்குவதில்லை.

காலணி

ஒரு ஜோடி ஷூவை "விசேஷத்துக்கு" என்று பெட்டியில் வைத்திருந்தேன். ஐந்தாறு வருடம் கழித்து எடுத்துப் போட்டு நாலு எட்டு நடந்ததும் அடிப்பாகம் கேக் போல உதிர்ந்து தரையில் விழுந்தது. தேய்மானமே இல்லை, ஆனாலும் போய்விட்டது. அந்த நுரை அடிப்பாகமும் பாலியூரித்தேன்தான். ஈரம் அதன் மூலக்கூறுகளை மெல்ல வெட்டிவிடுகிறது, போட்டாலும் போடாவிட்டாலும். எப்போதாவது போடும் ஷூவுக்கு ரப்பர் அடிப்பாகமோ ஈ.வி.ஏ. என்ற இன்னொரு பிளாஸ்டிக் நுரையோ பாருங்கள், அவை இப்படி உதிராது. பாலியூரித்தேன் மெத்தென்று எடை தாங்கும் என்பதால் தினம் போட்டுத் தேய்ப்பவருக்கு அது பரவாயில்லை.

அடிப்பாகம் ஒட்டியதா, தைத்ததா என்று பாருங்கள். சுற்றிலும் ஒரு தோல் பட்டை வைத்து அதோடு அடியைத் தைத்திருந்தால், தேய்ந்த அடியைப் பிரித்துப் புதிது போடலாம். மேல்தோல் நன்றாக இருக்கும் வரை இதை இரண்டு மூன்று முறை செய்யலாம். தையல் மாதிரியே ரப்பரில் அச்சு வார்த்து ஏமாற்றுவதும் உண்டு. நூல் உண்மையாகவே துளைக்குள் போகிறதா என்று நகத்தால் நெருடிப் பாருங்கள்.

ஷூவின் முன்பாகத்தை மடக்குங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்கினால் சரி, நடுப்பாதத்தில் மடங்கினால் வேண்டாம். மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கி உண்மையான அளவில் இருக்கும். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு ஒன்றுவிட்டு ஒரு நாள் போடுவது, ஒரு ஜோடியைத் தினமும் போடுவதைவிட நீண்ட நாள் வரும். உள்ளே ஊறிய வியர்வை காய ஒரு முழு நாளாவது வேண்டும்.

மற்ற சாமான்கள்

குடையில் கம்பி மூட்டைப் பாருங்கள். கண்ணாடியிழைக் கம்பி காற்றில் வளைந்து மீளும், மெல்லிய இரும்பு மடங்கியபடியே நின்றுவிடும். தண்ணீர்க் குப்பியில் 18/8 என்று இருந்தால் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த எஃகு. அதில் போகிற இடம் எப்போதும் மூடியின் ரப்பர் வளையம், ஆகவே வளையம் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மின்கருவி என்றால் முதலில் போவது பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரி சில நூறு முறை முழுதாகச் சார்ஜ் ஆனதும் கொள்ளளவு இறங்கியது தெரியத் தொடங்கும். திருகாணி கழற்றி மாற்ற முடிந்தால் கருவி பிழைக்கும், பசை போட்டு ஒட்டியிருந்தால் பேட்டரியோடு கருவியும் போகும்.

ஒன்று வாங்கி ஓட்டிப் பாருங்கள்

ஒரு சட்டை பிடித்துப்போனதும் அதே ரகத்தில் ஐந்து வாங்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் வாங்கி மூன்று மாதம் வழக்கம்போல் துவைத்து உடுத்துங்கள். சுருங்கியதா, தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்ததா, அக்குளில் சாயம் போயிற்றா என்று தெரிந்துவிடும். பிறகு இரண்டாவதை வாங்குங்கள். இருவேறு வருடத்தில் ஒரே பெயரில் வரும் பொருள் ஒரே தரத்தில் இருக்க வேண்டியதில்லை, அதனால் இரண்டாவதையும் திருப்பிப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

துணி உடம்பில் இருக்கும்போது மட்டும் தேய்வதில்லை, துவைக்கும்போதும் தேய்கிறது. லேபிளில் தொட்டி படத்துக்குள் இருக்கும் எண் அதிகபட்ச வெப்பம். 30 அல்லது 40 டிகிரியே அன்றாட அழுக்குக்குப் போதும். தொட்டிக்குக் கீழே கோடு இருந்தால் மென்மையாகச் சுழற்ற வேண்டும். இஸ்திரிப் பெட்டிப் படத்தில் ஒரு புள்ளி குறைந்த சூடு, இரண்டு நடுத்தரம், மூன்று அதிகச் சூடு. ஜிப்பை மூடி, உடையை உள்பக்கம் திருப்பித் துவையுங்கள், திறந்த ஜிப்பின் பல் மற்ற துணியை அரம் போல ராவும். சாயம் போன அக்குளைத் தேய்த்துப் பயனில்லை. மஞ்சள் கறை பெரும்பாலும் வியர்வைத் தடுப்பானில் உள்ள அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்து வருவது, பூசியது நன்றாகக் காய்ந்த பிறகு சட்டை போட்டால் குறையும்.

ஒரு சின்ன டப்பாவில் ஊசி, பாலியெஸ்டர் நூல், நாலைந்து பட்டன், மெழுகுவர்த்தித் துண்டு, சின்னக் குறடு வைத்துக்கொள்ளுங்கள். இறுகிய ஜிப்பின் பல்லில் மெழுகைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். ஜிப் மூடிய பின்னும் பின்னால் திறந்துகொண்டே வந்தால் பல்லில் தப்பில்லை, ரன்னரின் வாய் அகன்றுவிட்டது. குறடால் ரன்னரின் இரு ஓரத்தையும் ஒரு துளி, உண்மையிலேயே ஒரு துளி, நெருக்குங்கள். வலுவாக நெருக்கினால் ரன்னர் விரிசல் விடும். பட்டன் தைக்கும்போது பட்டனுக்கும் துணிக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, தளர்ந்த நூலைச் சுற்றி நாலு சுற்றுச் சுற்றி முடியுங்கள். துணியோடு ஒட்டத் தைத்த பட்டன், காஜாவுக்கு இடமில்லாமல் துணியையும் இழுத்துக்கொண்டு போகும்.

கடைசியாக ஒன்று. புதுப் பொருள் வந்ததும் லேபிளின் பின்பக்கம், அழியாத மையால், வாங்கிய மாதமும் வருடமும் எழுதுங்கள். போன பிறகு, எந்த இடம் போயிற்று என்பதை அந்தப் பழைய தாளில் சேருங்கள். தூக்கிப் போடும் முன் நல்ல பக்கிள், ஜிப்பின் இழுபிடி, பட்டன் எல்லாவற்றையும் கழற்றி டப்பாவில் போடுங்கள். என் பழைய பையின் பக்கிள் இரண்டும் இப்போது புதுப் பையின் மார்பு வாரில் இருக்கின்றன.